மைசூர்பாகு சரியாக வராவிட்டால் என்ன?

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே வீட்டில் ஒரு ஜாபிதா தயாராகிவிடும். காகிதத்தில் எழுதிய ஜாபிதா இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும். மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்துச் சாமானைக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால் வீட்டு அம்மாளின் மனத்தில் ஒரு ஜாபிதா இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது. பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கித் தேய்க்க வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். எல்லோருக்கும் துணி எடுக்க வேண்டும். தைக்கக் கொடுத்த ரவிக்கையைத் தையற்காரரிடமிருந்து எப்படியாவது மீட்க வேண்டும். அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மாவு மெஷினுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தித்திப்பு, மூன்று காரம், அதற்குமேல் லேகியம். நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். அவள் பையனுக்கு முந்திரிப் பருப்பு ஆகாது. இத்தனைக்கும் நடுவில் ஆபீசில் லீவோ ஒரே ஒரு நாள்!

தீபாவளி மட்டும்தானா? ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில் ஆரம்பிக்கிறது. பிறகு நவராத்திரிக் கொலு, தீபாவளி, கார்த்திகைக்கு அப்பமும் பொரி உருண்டையும், மார்கழியில் விடியற்காலைக் கோலம், தை பிறந்தால் பொங்கல். ஐந்து மாத காலம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பண்டிகை வீட்டில் எல்லோருக்கும் பண்டிகையாக வருகிறது. அம்மாவுக்கு மட்டும் அது பரீட்சையாக வருகிறது. பரீட்சை வைப்பவர் யார், மார்க்குப் போடுபவர் யார் என்றுதான் தெரியவில்லை.

சகோதரிகளே, இந்த வருஷம் அந்தப் பரீட்சைக்குப் போகாமலே இருந்து பார்த்தால் என்ன?

அந்த ஒரு நிமிஷம்

மைசூர்பாகையே எடுத்துக்கொள்ளுங்கள். மைசூரில் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆண்ட காலத்தில் அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்த பட்சணம் அது என்று சொல்வார்கள். சர்க்கரைப் பாகு கம்பிப் பதம் வரவேண்டும். கடலை மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். பக்கத்து அடுப்பில் காய்கிற நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே வரவேண்டும். சூடான நெய் பட்டு மாவு பொங்கிப் பூத்து வருவதால்தான் வில்லையில் அந்தத் துளைகள் விழுகின்றன. ஒரு நிமிஷம் முன்னால் இறக்கினால் அல்வா. ஒரு நிமிஷம் பின்னால் இறக்கினால் செங்கல்.

அரண்மனைச் சமையற்காரருக்கு வாணலி ஒன்றுதான் கவலை. நம் வீட்டிலோ சரியாக அந்த ஒரு நிமிஷத்தில்தான் வாசல் மணி அடிக்கும். "அம்மா, என் சட்டையில் பொத்தான் இல்லை!" என்று ஒரு குரல் கேட்கும். மைசூர்பாகு கல்லாகாமல் என்ன செய்யும்?

மற்றப் பட்சணங்களும் இளைத்தவை அல்ல. முறுக்கு மாவில் வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் உதிர்ந்துபோகும். குறைந்தால் பல்லுக்கு ஆபத்து. அதிரசத்துக்கு வெல்லப் பாகு இளம்பதமாகிவிட்டால் வாணலியிலேயே பிரிந்துவிடும். எல்லாம் நன்றாக வந்து டப்பாவில் போட்டு மூடினாலும், ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம் அல்லவா? ஈரக் காற்று பட்டால் மொறுமொறுப்பு எல்லாம் நமுத்துவிடும். அது ஆகாயத்தின் காரியம். அதற்கும் நாமே பழியை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பத்திரிகைகளின் தீபாவளி மலர்களில் கல்லான மைசூர்பாகைப் பற்றி எத்தனையோ துணுக்குகள் வந்திருக்கின்றன. படித்தால் நமக்கே சிரிப்பு வரும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தத் துணுக்குகளில் கல்லைச் செய்தவள் மனைவி. சுவைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் கணவர். வாணலியின் அருகில் அவர் நின்றதாக ஒரு துணுக்கும் நினைவுக்கு வரவில்லை.

நிமிஷக் கணக்கு

துணுக்கு வேடிக்கைக்கு. சர்க்கார் கணக்கு வேடிக்கை அல்ல. நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளிவிவர இலாகா கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 100-க்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்ணுக்குச் சராசரி நாளொன்றுக்கு 299 நிமிஷம். ஆணுக்கு 97 நிமிஷம்.

2024-இல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிஷமாகக் குறைந்திருந்தது. பத்து நிமிஷம் லாபம்! ஆணுக்கோ 88 நிமிஷமாகக் குறைந்திருந்தது. அவருக்கும் ஒன்பது நிமிஷம் லாபம்!

இது சராசரி நாளின் கணக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிறவளுடைய கணக்கை யார் எடுத்தார்கள்? இரவு பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்திருக்கிறவள் காலையில் எப்படி இருப்பாள்? கண் எரிகிறது, இடுப்பு வலிக்கிறது. புதுப் பாவாடையில் குழந்தை காபியைச் சிந்துகிறது. பளார் என்று ஓர் அறை. பிறகு அந்தக் குழந்தையும் அழுகிறது. அம்மாவும் சமையற்கட்டில் போய் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். எத்தனை வீடுகளில் நடக்கிற காட்சி இது! தவிர, தூக்கக் கலக்கத்தோடு கொதிக்கும் எண்ணெயின் முன்னால் நிற்பது பெரிய ஆபத்து. பத்து முறுக்குக் குறைந்தால் நஷ்டம் இல்லை; புடவைத் தலைப்பில் தீப்பிடித்தால் என்ன ஆவது?

ஒரு டாக்டர் சொன்னது

இங்கிலாந்தில் டொனால்ட் வின்னிகாட் (1896–1971) என்று ஒரு டாக்டர் இருந்தார். குழந்தை வைத்தியர், மனோதத்துவ நிபுணரும்கூட. ஆயிரக்கணக்கான தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்த்தவர். பி.பி.சி. ரேடியோவில் தாய்மார்களுக்கென்றே பேசியவர். 1953-இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் எழுதிய ஒரு சொல் உலகெங்கும் பிரசித்தமாயிற்று. குழந்தைக்கு வேண்டியவள் அப்பழுக்கில்லாத தாய் அல்ல; 'போதிய அளவுக்கு நல்ல தாய்' என்றார் அவர்.

பிறந்த குழந்தை அழுதால் தாய் உடனே ஓடுகிறாள். அது சரிதான். ஆனால் குழந்தை வளர வளர, அவள் ஓடி வருவது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுகிறது. குழந்தை காத்திருக்கப் பழகுகிறது. உலகம் தன் விருப்பப்படியே நடக்காது என்று தெரிந்துகொள்கிறது. இந்தச் சின்னக் குறைகள் குழந்தைக்குக் கெடுதல் அல்ல. அது வளர்வதற்கு வேண்டியவையே என்பது டாக்டரின் முடிவு. குழந்தையைக் கவனிக்காமல் விடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லாவற்றையும் குறைவறச் செய்து முடிக்கிறவளிடம் குழந்தை கற்றுக்கொள்ளாத ஒன்றை, கொஞ்சம் குறை வைக்கிறவளிடம் கற்றுக்கொள்கிறது என்பதுதான் அர்த்தம்.

நோன்பு வேறு, நோட்டம் வேறு

"அதெல்லாம் சரி, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?" என்று கேட்பீர்கள். ஜாபிதாவைக் கையில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: இது யாருக்காக?

கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீட்டில் 21 அதிரசம் படைப்பது வழக்கம். அது விரதம், விட மனம் வராது. விட வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு, "எதிர் வீட்டில் ஏழு வகை செய்திருக்கிறார்கள், நாம் ஐந்தோடு நின்றால் எப்படி?" என்று ராத்திரியில் ரிப்பன் பக்கோடாவுக்கு மாவு பிசைகிறோமே, அது விரதமா? தாம்பாளத்தில் பட்சணம் வைத்து அக்கம்பக்கத்தில் கொடுப்பது அழகான பழக்கம். அது பிரியத்துக்காக வந்த பழக்கம். போட்டிக்காக வந்தது அல்ல. இப்போது போதாக்குறைக்குக் கைப்பேசி வேறு வந்துவிட்டது. முன்பு எதிர் வீட்டுத் தாம்பாளத்தோடு போட்டி நின்றது. இப்போது ஊரில் உள்ள தாம்பாளமெல்லாம் படமாக வந்து நம் சமையற்கட்டில் நிற்கிறது! அந்தப் படத்தில் உடைந்த முறுக்கு இராது. அதை அவர்கள் படம் எடுப்பதற்கு முன்பே சாப்பிட்டிருப்பார்கள்.

ஆகையால் ஜாபிதாவை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, நீங்களே செய்ய ஆசைப்படுவது. ஒரு தித்திப்பு, ஒரு காரம் போதும். கைக்குப் பழகிய பட்சணமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்; புதிதாக ஒன்றைப் பரீட்சை செய்து பார்க்க வருஷத்தில் வேறு நாட்கள் இருக்கின்றன.

இரண்டாவது, மற்றவர்கள் செய்யக்கூடியது. ஒட்டடை அடிப்பது, பாத்திரம் இறக்குவது, வரிசையில் நின்று துணிக்கு ரசீது வாங்குவது, தையற்காரரிடம் நடப்பது எல்லாம் வீட்டு ஆண்களுக்கு நன்றாக வரக்கூடிய வேலைகள். லேகியம் கிளறக்கூட அவர்களுக்கு நல்ல புஜபலம் உண்டு. அக்கா தங்கைகள் ஒரே ஊரில் இருந்தால், நீ தேன்குழல், நான் பாதுஷா என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். கடையில் வாங்கினால் வாங்கினது என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, விட்டுவிடக்கூடியது. இதை முன்கூட்டியே விடவேண்டும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தீபாவளி அன்று முடியாமல் விட்டால் மனசு குறைப்படும். பத்து நாள் முன்னாலேயே, "இந்த வருஷம் பரணை இறக்கப்போவதில்லை" என்று தீர்மானித்துவிட்டால், மனசு நிம்மதியாக இருக்கும். பரணைப் பார்க்க ஒரு விருந்தாளியும் ஏணி கொண்டு வரமாட்டார்.

விடியற்காலை அவசரத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். தெருவிலேயே முதல் வெடி நம்முடையதாக இருக்க வேண்டும் என்று மூன்று மணிக்குக் குழந்தைகள் எழுப்பிய காலம் ஒன்று உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்ததை அடுத்து, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் வகுத்தார்கள். சூரியன் உதிப்பதற்குள் ஸ்நானம் முடிந்தால் போதும்; இன்னும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்.

கோணல் முறுக்கு

கை முறுக்குச் சுற்றுவது ஒரு கலை. விரலால் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். நாலு சுற்று, ஐந்து சுற்று என்று சுற்றும் பாட்டிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பாட்டியும் ஒரு காலத்தில் கோணலாகச் சுற்றிய சிறுமிதான். யாரோ ஒருத்தி அந்தக் கோணலைப் பொறுத்துக்கொண்டதனால்தான் அந்தக் கலை இன்று வரை வந்திருக்கிறது.

உங்கள் பெண்ணும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும்!" என்பாள். பையனும் கேட்பான். "போங்கள், எனக்கு நேரம் இல்லை" என்று விரட்டாதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் மாவு கொடுத்து உட்கார வையுங்கள். ஒன்று அரணையைப்போல இருக்கும். ஒன்று காதறுந்த செருப்பைப்போல இருக்கும். இருக்கட்டும்! அதையும் எண்ணெயில் போட்டு எடுத்துத் தாம்பாளத்தில் மேலாக வையுங்கள். விருந்தாளி வந்ததும் குழந்தை எதை எடுத்துக் காட்டப்போகிறது என்று நினைக்கிறீர்கள்? நிச்சயமாக உங்கள் ஐந்து சுற்று முறுக்கை அல்ல.

எண்ணெய் வைக்கும் கை

கடைசியாக, தீபாவளி எப்படி வந்தது என்ற கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நரகாசுரன் யார்? பூமாதேவியின் பிள்ளை. கண்ணனோடு போர்க்களத்துக்குப் போன சத்தியபாமா அந்தப் பூமாதேவியின் அம்சம் என்று பாட்டிமார்கள் கதை சொல்வார்கள். பிள்ளை மாண்ட நாளை உலகம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, சந்தோஷமாகக் கொண்டாட வேண்டும் என்று அவள் வரம் கேட்டாளாம். நரகாசுரனே அந்த வரத்தைக் கேட்டான் என்று சொல்வோரும் உண்டு. தாய் கேட்டதாகச் சொல்லும் கதையில் எத்தனை ஆழம் இருக்கிறது பாருங்கள்! நினைத்தபடி பிள்ளையை வளர்க்க முடியாமற்போன ஒரு தாய் கேட்ட வரம்தான் இந்தப் பண்டிகை. குறையில்லாத குடும்பத்தில் பிறந்தது அல்ல தீபாவளி.

அன்று எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் வாசம் செய்வதாக ஐதிகம். மணை போட்டு, குழந்தையை உட்கார்த்தி, உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து, சூடு பறக்கத் தேய்த்துவிடும் அந்தக் கை இருக்கிறதே, அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கக்கூடியது ஒன்றும் இல்லை. ஜாபிதாவில் மற்றது எல்லாம் குறையலாம். அந்தக் கை அலுத்துச் சலித்து, வெடுக்கென்று தேய்க்கிற கையாக மட்டும் இருக்கக் கூடாது. அதற்காகவே முந்தின இரவு ஒன்பது மணிக்கு அடுப்பை அணையுங்கள். பிசைந்த மாவு மீந்தால் மீந்துவிட்டுப் போகட்டும். எல்லோருக்கும் எண்ணெய் வைத்து முடித்ததும், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் தலையிலும் வைக்கச் சொல்லுங்கள். கணவருக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும்!

தீபாவளி காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் நம்மவர்கள் என்ன கேட்கிறார்கள்? "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். "மைசூர்பாகு சரியாக வந்ததா?" என்று கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.