பிரேக்கில் எங்கே பெயின்ட் படக்கூடாது

தூத்துக்குடியில் ஐந்தாறு வருஷம் ஓடிய எந்தக் காரின் சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். வெளியே பாடி பளபளவென்று இருக்கும். உள்ளே பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் செங்கல் நிறத்தில் இருக்கும், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் பொருக்குப் பொருக்காகத் துரு ஏறியிருக்கும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் என் வண்டிக்கும் இதே கதிதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் இதில் பெயின்ட் அடிக்கத் தெரிவதைவிட, எந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று தெரிவதுதான் முக்கியம்.

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வரும். கடற்காற்றில் வரும் உப்பு இரண்டு கெடுதல் செய்கிறது. ஈரத்தை உலரவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, அந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயவும் வைக்கிறது. துருப்பிடிப்பதே ஒரு சின்ன மின்கலம் வேலை செய்வது போலத்தான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் பூச வேண்டியிருந்ததும் இந்தக் காற்றால்தான். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் பிரேக் பேடு விஷயத்தில் இது வரும்.

முதலில், எந்தத் துரு அழகுக் குறை, எது ஆபத்து என்று பிரித்துப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் டிஸ்கில் தெரியும் மஞ்சள் படலம் நாலு பிரேக் அடித்தால் போய்விடும், அதைத் தொடவே வேண்டாம். காலிப்பர் தடித்த வார்ப்பிரும்பு. மேல்துரு அதன் பலத்தைக் குறைக்காது. லோயர் ஆர்ம் பல வண்டிகளில் தகட்டை மடித்துச் செய்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதைக் குத்திப் பாருங்கள். டங்கென்று சத்தம் வந்தால் நல்லது. முனை உள்ளே இறங்கினாலோ, தகடு அப்பளம்போல் அடுக்கடுக்காக உரிந்தாலோ புதிது வாங்குங்கள். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயில் குழி விழுந்திருந்தாலும், காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் குழியோ கீறலோ தெரிந்தாலும் அப்படியே. அதற்கு மேல் பெயின்ட் அடிப்பது நோயை மூடி வைப்பதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. பிரேக் தூசியை வாயாலும் ஊதாதீர்கள், ஏர் பிடித்தும் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

துருவைத் தேய்க்கும் முன் கழுவ வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உப்பு உட்கார்ந்த இரும்பின்மேல் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துச் சில மாதத்தில் கொப்புளம் கிளப்பிவிடும். எங்கள் ஊர் போர் தண்ணீரே கரிக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வேன்.

பிறகு கம்பி பிரஷ். பொருக்கு உதிர்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 120. கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கம்பிகள் பிய்ந்து ஊசிபோல் பறக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். தனியாகக் கழற்றி எடுத்த பாகங்களுக்கு எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, சில மணி நேரம் ஊறவிட்டு பிரஷ் போட்டால் சாம்பல் நிற இரும்பு தெரியும். உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவையுங்கள். கடலோரத்தில் சும்மா விட்டால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி பழுப்பேறிவிடும்.

மூலை முடுக்கில் மிஞ்சும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றி பூசலாம். அது இரும்பின்மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை உண்டாக்கும். டெல்லி இரும்புத் தூண் சுமார் 1,600 வருஷமாக நிற்பதற்கும் பாஸ்பரஸ்தான் காரணம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு பாஸ்பேட் படலம் காப்பாகப் படிந்திருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து காட்டினார்.

ஸ்பிரிங்கையும் பெரிய போல்ட்டுகளையும் மட்டும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது பட்டென்று உடையும். ஸ்பிரிங்கைக் கையால் மெதுவாகத் தேய்த்தால் போதும். அமுங்கிய நிலையில் இருக்கும் அதை வீட்டில் கழற்றவும் வேண்டாம்.

இப்போது அந்த பேடு விஷயம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்துத் திருநெல்வேலியில் போய் இறங்கினால் இடது முன் சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அங்கே கழற்றிப் பார்த்த மெக்கானிக், “அண்ணாச்சி, பேடு நகரவே இடமில்லாம பெயின்ட்ட அப்பி வச்சிருக்காங்க” என்றார். காலிப்பர் பிராக்கெட்டில் மேலும் கீழும் ஒவ்வொரு பள்ளம் உண்டு. பேடின் இரண்டு காதுகளும் அந்தப் பள்ளத்தில் மெல்லிய எஃகு கிளிப்பின்மேல் வழுக்கி நகர வேண்டும். கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்தால் அது வீங்கி கிளிப்பைத் தூக்கி, பேடை இறுக்கிப் பிடிக்கும். அந்தத் துருவைச் சுரண்டாமல் மேலேயே பெயின்ட்டையும் பூசிவிட்டால், பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பள்ளத்தை அரத்தால் இரும்பு தெரியச் சுத்தம் செய்து, கிளிப்பைப் போட்டு, பேடு விரலால் தள்ளினாலே நகர்கிறதா என்று பாருங்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த அரை அங்குல இடம்தான்.

இதேபோல் பெயின்ட் படக்கூடாத இடங்கள் இன்னும் உண்டு: டிஸ்கில் பேடு படும் முகம், பிஸ்டனும் அதைச் சுற்றிய ரப்பரும், காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின், ஏர் எடுக்கும் நிப்பிள், சக்கரம் வந்து உட்காரும் ஹப் முகம், எல்லா மரைகளும், புஷ், பால் ஜாயின்ட் ரப்பர். மாஸ்கிங் டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். ரப்பர் இருக்கும் பக்கம் பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

காலிப்பருக்குச் சாதாரண எனாமல் நிற்காது. கொடைக்கானல் மலையிறக்கம் போன்ற இடத்தில் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு காலிப்பருக்கும் வரும். டப்பாவில் 200 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்ட காலிப்பர் பெயின்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். லோயர் ஆர்முக்குச் சூடு பிரச்சினை இல்லை, கல்லடிதான் பிரச்சினை. எபாக்சி பிரைமர் அடித்து மேலே சேஸிஸ் பிளாக் அடிக்கலாம். காலை பனி விலகிய பின், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட். தடிமனாக ஒரே கோட் அடித்தால் வழியும், பிறகு உரியும்.

மாட்டும்போது ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் வையுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம். போல்ட்டுகளை வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்கு முறுக்குங்கள். வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கை மிதியுங்கள். பேடை மாட்டும்போது பின்னால் தள்ளிய பிஸ்டன் திரும்ப முன்னால் வரும்வரை முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதன் ஜோடிச் சக்கரத்தைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள்.