காடு அளந்த கல்வியாளர்

மரத்தை வெட்டக் கோடரி போதும். எத்தனை மரங்களை வெட்டலாம் என்று அறியக் கல்வி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடரிகள் மிகுதியாக இருந்தன. அக்கல்வியைப் பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அச்சிலருள் ஒருவர் ஹென்ரி சோலன் கிரேவ்ஸ்.

அவர் 1871ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்து மரியெட்டா நகரில் பிறந்தார். 1892இல் யேல் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். காட்டியலைக் கற்குமாறு அவரைத் தூண்டியவர் அவருடைய நண்பர் கிஃபர்டு பின்ஷோ. தம் நாட்டில் அக்கலைக்கெனப் பள்ளி இல்லாமையால், கிரேவ்ஸ் ஜெர்மனிக்குச் சென்று மியூனிக்கில் பயின்றார். பின்ஷோவுக்கு ஐரோப்பாவில் வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்பார். அவர் 1864 முதல் 1883 வரை இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரியாயிருந்தவர் என்பது நாம் அறியத்தக்கது.

1900ஆம் ஆண்டில் பின்ஷோ குடும்பத்தார் வழங்கிய நன்கொடையால் யேலில் காட்டியல் பள்ளி தோன்றியது. அதன் தலைமை இருபத்தொன்பது வயதினரான கிரேவ்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சிறப்பாகக் கற்பித்தது மரங்களை அளக்கும் கலை. 1906இல் அதைப் பற்றி விரிவான பாடநூல் ஒன்றும் இயற்றினார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் குறுக்களவை எடுக்க வேண்டும்; உயரத்தைக் கணிக்க வேண்டும்; அடிமரத்தின் வளையங்களை எண்ணி அதன் வயதையும் வளரும் வேகத்தையும் அறிய வேண்டும். இவ்வாறு கணக்கிட்டால், ஒரு காடு ஓராண்டில் எவ்வளவு வளர்கிறது என்பது புலப்படும். வளர்ந்த அளவுக்கு மிகாமல் வெட்டுவோர் முதலைத் தொடாமல் வட்டியை உண்பவர் ஆவர். வறட்டுக் கணக்காகத் தோன்றும் இதிலேதான் ஒரு காட்டின் வாழ்வும் சாவும் அடங்கியுள்ளன. பிற்காலத்தில் இயற்கைப் பாதுகாப்பிற்குப் புகழ்பெற்ற ஆல்டோ லியோபோல்டு 1909இல் இப்பள்ளியில் பட்டம் பெற்றவரே.

1910 சனவரியில் பின்ஷோ, குடியரசுத் தலைவர் டாஃப்டினால் காட்டுப் பணித்துறைத் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். தலைவரை இழந்து தளர்ந்திருந்த அத்துறையைக் காக்கும் பொறுப்பு, வகுப்பறையிலிருந்த கிரேவ்ஸைத் தேடி வந்தது. அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இடாகோ, மொன்டானா மாநிலங்களில் பெருந்தீ மூண்டது. இரண்டே நாள்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்றவர்கள். பணத்தையும் ஆட்களையும் தர மறுத்துவந்தோர் பலர், இத்தீக்குப் பின்னரே கண்விழித்தனர். ஆற்று ஊற்றுக்களைக் காக்கும் காடுகளை அரசு விலைக்கு வாங்க இடந்தரும் சட்டம் 1911இல் நிறைவேறியது. முதல் உலகப் போரின்போது கிரேவ்ஸ் பிரான்சுக்குச் சென்று, படைக்கு வேண்டிய மரங்களை வழங்கும் பணியில் ஈடுபட்டார்.

1920இல் அரசுப் பணியைத் துறந்த அவர், 1922இல் காட்டியல் பள்ளியின் முதல்வராக மீண்டும் யேலுக்கு வந்தார். அடுத்த ஆண்டில், பல்கலைக் கழகத் தலைவருக்கு அடுத்த நிலையிலுள்ள 'புரோவோஸ்ட்' என்னும் கல்வி நிர்வாகப் பதவியும் அவரை வந்தடைந்தது. மரவளையங்களை எண்ணியவர், மொழியும் வரலாறும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பல துறைகளின் தேவைகளைச் சீர்தூக்க வேண்டியவரானார். நான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்து 1927இல் அதனின்று விலகினார். பதவியால் உயர்ந்தது அதுவேயாயினும், அவர் மனம் தங்கியது காட்டியல் பள்ளியிலேயே எனலாம். அதன் முதல்வராக 1939 வரை நீடித்தார்.

அப்பள்ளியில் 1902இல் பட்டம் பெற்ற ஜார்ஜ் ஹூவிட் மையர்ஸ் என்னும் பழைய மாணவர், கிரேவ்ஸ் முதல்வராயிருந்த காலத்திலேயே, கனெக்டிகட் மாநிலத்தில் பெருங்காடு ஒன்றைப் பல்கலைக் கழகத்திற்கு வழங்கினார். கிரேவ்ஸ் 1951இல் மறைந்தார். ஏறத்தாழ 7,800 ஏக்கர் பரப்புள்ள அக்காட்டில் யேல் மாணவர்கள் இன்றும் மரங்களை அளந்து பயின்று வருகின்றனர்.