காரம் மனத்தை மாற்றுமா?

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. இன்று வயல்கள் வீடுகளாகிவிட்டன. 2021-இல் ஊரும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆயினும் கொல்லையிலோ மாடித் தொட்டியிலோ நாலு மிளகாய்ச் செடி வைக்கும் வழக்கம் போகவில்லை. வயலில் இறங்குவோர் பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளும் வழக்கமும் கிராமங்களில் மாறவில்லை. மிளகாயைக் கடித்தால்தான் சுறுசுறுப்பு வருகிறது என்பார் சிலர். காரம் தின்றால் கோபம் வரும் என்பார் வேறு சிலர். இவற்றில் எது சரி?

காரம் ஒரு சுவையா?

மிளகாயின் உறைப்புக்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். இது விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான உட்பகுதியில்தான் இது உண்டாகிறது. அதில் ஒட்டியிருப்பதால் விதையும் உறைக்கிறது.

இனிப்பும் புளிப்பும் நாக்கு அறியும் சுவைகள். காரம் அப்படியன்று, அது ஒரு வகை வலி. வாயிலுள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதம் ஒன்று உள்ளது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது மூளைக்குச் செய்தி அனுப்பும். காப்சைசின் பட்டாலும் அதே செய்திதான் போகும். ஆறிப்போன குழம்பும் வாயை எரிப்பது இதனால்தான். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இப்புரதத்தைக் கண்டறிந்தனர். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மிளகிலுள்ள பைப்பரினும் இதே புரதத்தைத் தூண்டுகிறது. போர்த்துகீசியர் மூலம் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் வரும்வரை நம் சமையலுக்கு உறைப்பைத் தந்தது மிளகுதான்.

சுறுசுறுப்பு எங்கிருந்து வருகிறது?

உடல் சுட்டுவிட்டதாக மூளை எண்ணுகிறது. உடனே வியர்க்கிறது, மூக்கில் நீர் வடிகிறது, நாடி சற்று வேகமாகிறது. வலியைத் தணிக்க எண்டார்ஃபின் என்னும் பொருளை உடல் தானே சுரக்கிறது என்றும், உறைப்புக்குப் பின் வரும் இதமான உணர்வுக்கு அதுவே காரணமாகலாம் என்றும் கருதுகின்றனர். இன்னொரு காரணமும் உண்டு. வாய் எரிந்தாலும் ஆபத்து ஒன்றுமில்லை என்பது மனத்துக்குத் தெரியும். ராட்டினத்தில் ஏறிப் பயந்து மகிழ்வது போன்றது இது. அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ரோசின் மிளகாய் விருப்பத்தை இவ்வாறுதான் விளக்கினார்.

ஆனால் இந்தத் தெம்பு சிறிது நேரமே நிற்கும். பழகப் பழக நரம்பு முனைகள் மரத்துப்போவதால், அதே உறைப்புக்குக் கூடுதல் மிளகாய் தேவைப்படும்.

கோபம் வருமா?

காரம் ஒருவரின் குணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 1992-இல் வெளிவந்த ஆய்வில், இரவில் கார உணவு உண்ட இளைஞர்களின் தூக்கம் குறைந்தது. உடல் சூடும் ஏறியது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். இரவு தூங்காதவர் மறுநாள் எரிந்து விழுவதில் வியப்பில்லை.

எனவே காரமான உணவைப் பகலில் வைத்துக்கொண்டு, இரவில் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் மிளகாயைக் கடிக்கக் கூடாது. வாய் எரிந்தால் தண்ணீர் அதிகம் உதவாது. காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பால், தயிர், மோர் உதவும். பழைய சோற்றுடன் மோர் சேர்ப்பது நல்ல வழக்கமே. வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும்.

மிளகாய் பயிரிடுவோர் கவனிக்க

1. பச்சை மிளகாயைச் சமைக்காமலே உண்பவர் பலர். பூச்சிமருந்து தெளித்தபின் டப்பாவின் சீட்டில் குறித்துள்ள நாட்கள் கழியும்வரை காய் பறிக்கக் கூடாது. வீட்டுக்குப் பறிப்பதற்கும் இதே விதிதான்.

2. வற்றலை வெறுந்தரையில் போடாமல் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ நன்கு காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். பூத்த வற்றலைத் தனியே கழித்துவிட வேண்டும்.

3. காய் பறித்த கையால் கண்ணைத் தொடக் கூடாது. கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பின் சோப்பால் கழுவ வேண்டும்.

4. உறைப்பு இரகத்தைப் பொறுத்தது. வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் பல இரகங்களில் அதைக் கூட்டும். அதற்காகச் செடியை வாடவிட்டால் பூ உதிர்ந்து மகசூல் குறையும்.

மிளகாய் தரும் தெம்பு சில நிமிடத் தெம்பே. விலை வீழ்ச்சியாலோ கடனாலோ வந்த மனச்சோர்வை அது தீர்க்காது. தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பயிருக்கு நோய் வந்தால் நாள் கடத்தாமல் யோசனை கேட்கிறோம். மனத்துக்கும் அவ்வாறே செய்வதில் கூச்சம் வேண்டியதில்லை.