பட்டை எந்தக் கூட்டத்தில் சேரும்?

16 சொற்களைக் கொடுத்து நான்கு நான்காகப் பிரிக்கச் சொல்லும் புதிர், பிபிசியின் 'ஒன்லி கனெக்ட்' நிகழ்ச்சியில் 2008 முதல் இடம்பெற்றது. அதே பாணியில் நியூயார்க் டைம்ஸ் 2023-இல் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற தினசரி ஆட்டத்தைத் தொடங்கியது. இவ்வகைப் புதிருக்கு உயிர் கொடுப்பது பல பொருள் தரும் சொல். பிரியாணிக்கும் தோலுக்கும் பேர்போன ஆம்பூரை வைத்தே எட்டுச் சொல்லில் சிறு புதிர் ஒன்று போடலாம்: கிராம்பு, சுண்ணாம்பு, பட்டை, ஆவாரை, மிளகாய், கடுக்காய், ஏலக்காய், குரோமியம். நான்கு பிரியாணிக்கு, நான்கு தோல் பதனிட. சுண்ணாம்பு தோலின் மயிரைக் கழற்றும்; ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகலைத் தடுக்கும்; குரோமிய உப்புகள் அதே வேலையை விரைவாகச் செய்யும். பட்டை மட்டும் இரண்டு பக்கமும் இழுக்கும். ஆனால் அதைத் தோலோடு சேர்த்தால் அங்கே ஐந்தாகிவிடும், பிரியாணிக்கு மூன்றுதான் மிஞ்சும். ஆகவே அது மசாலாப் பட்டைதான்.

இலவங்கப்பட்டையும் மரப்பட்டைதானே, இதில் இரு பொருள் எங்கே என்று கேட்கலாம். பிறப்பு ஒன்றுதான், புதிர் பார்ப்பது புழக்கத்தை. இது ஊர் அறிவைச் சோதிக்கும் ஆட்டம், வெளியூர்க்காரர் தோற்பார் என்பது இன்னொரு மறுப்பு. பட்டையைச் சமையலறையில் மட்டும் கண்டவருக்கு இங்கே குழப்பமே இல்லை. தடுமாறுவது இரண்டையும் அறிந்த ஆம்பூர்க்காரர்தான். இந்தப் புதிரில் கூடுதலாகத் தெரிந்தவருக்கே கூடுதல் சிக்கல்.

ஏமாற்றத்தானே இரு பொருள் சொல்லை நுழைக்கிறார்கள் என்ற குறைக்குத் தொல்காப்பியத்தில் விடை இருக்கிறது. பல பொருள் ஒரு சொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது. 'மா பூத்தது' என்றால் வினையே மரம் என்று காட்டிவிடும். 'மா விழுந்தது' என்றால் மரமா குதிரையா என்று தெரியாது; அங்கே சொல்பவர்தான் விளக்க வேண்டும். புதிரில் வினை இல்லை; அதன் வேலையை உடனிருக்கும் சொற்களும் நான்கு என்ற கணக்கும் செய்கின்றன. நம் புதிரில் குரோமியத்தை எடுத்துவிட்டு உப்பைப் போட்டுப் பாருங்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவுவதும் உப்பு, பிரியாணியில் போடுவதும் உப்பு. இப்போது உப்பும் பட்டையும் இடம் மாறினாலும் இரு பக்கமும் நான்குதான். இரண்டு விடைகளும் சரி. ஏமாற்று என்று பழிக்க வேண்டியது இப்படிப்பட்ட புதிரைத்தான். சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும், விடை ஒன்றாக நின்றால் புதிர் நேர்மையானது.