தண்ணீர் செதுக்கிய பூமி... தண்ணீருக்குத் தவிக்கும் மக்கள்! - நவஹோ நாட்டில் ஒரு சாலைப் பயணம்

செக்கச் சிவந்த பாலைவனம். நடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு தார்ச்சாலை. சாலை முடியும் இடத்தில் வானத்தைத் தொடுவதுபோல மூன்று பாறைக் கோபுரங்கள்.

இந்தக் காட்சியை ஒருமுறையாவது உங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். வால்பேப்பராக, ரீல்ஸாக, கார் விளம்பரமாக! 'ஃபாரஸ்ட் கம்ப்' பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் ஹீரோ, 'போதும்' என்று நின்றுவிடுவது இந்தச் சாலையில்தான்.

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது இந்த இடம். பெயர் மான்யுமென்ட் வேலி. ஆனால், இதை நிர்வகிப்பது அரிசோனாவும் இல்லை, யூட்டாவும் இல்லை. இது நவஹோ பழங்குடி மக்களின் பூமி. இந்தப் பகுதியில் கார் ஓட்டிப் போவது உலகப் பயணிகள் பலரின் கனவு. அந்தப் பாதையில் ஒரு சுற்று போய் வரலாம், வாருங்கள்!

நாட்டுக்குள் ஒரு நாடு

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவஹோ நேஷன். பரப்பளவு 27,000 சதுர மைலுக்கும் அதிகம். அமெரிக்காவின் பத்து மாநிலங்கள் இதைவிடச் சிறியவை. தனி அதிபர், 24 உறுப்பினர்கள் கொண்ட கவுன்சில், தனி நீதிமன்றம், தனி போலீஸ் எல்லாம் உண்டு. பதிவுபெற்ற உறுப்பினர்கள் சுமார் 4 லட்சம் பேர். 'நவஹோ' என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'டினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மக்கள்' என்று பொருள்.

எல்லையைத் தாண்டியதும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆனால், உங்கள் போனில் இருக்கும் கடிகாரம் குழம்பிவிடும்! கோடைக்காலத்தில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். அரிசோனா அதைச் செய்வதில்லை. நவஹோ நேஷன் செய்கிறது. நவஹோ நிலத்தின் நடுவில் தீவு மாதிரி இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் பகுதியோ அரிசோனா பக்கம்! ஒரே நாள் பயணத்தில் மணி முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் முன்பதிவு செய்யும்போது, 'இது எந்த நேரம்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மழையே இல்லாமல் வந்த வெள்ளம்

பயணத்தை ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தொடங்குகிறவர்கள் அதிகம். அங்கிருந்து வடக்கே சுமார் 215 கிலோமீட்டர் போனால் பேஜ் என்ற சிறு நகரம். கொலராடோ ஆறு குதிரை லாடம்போல வளைந்து ஓடும் 'ஹார்ஸ்ஷூ பெண்ட்', பக்கத்திலேயே கிளென் கேன்யன் அணை, அதன் பின்னால் நீல நிறத்தில் பவல் ஏரி என எல்லாமே அருகருகில்.

இங்கே எல்லோரும் தேடி வருவது ஆன்டிலோப் கேன்யனை. பெரிய மலைப் பள்ளத்தாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாறை நடுவே ஓர் இடுக்கு, அவ்வளவுதான். சில இடங்களில் இரண்டு கைகளையும் நீட்டினால் இரு பக்கச் சுவர்களும் தட்டும். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால், பட்டுத் துணியை மடித்து வைத்ததுபோல ஆரஞ்சும் ஊதாவுமாகப் பாறைகள் வளைந்து வளைந்து மேலே போகின்றன. கோடையில் நடுப்பகலில் மேலேயிருந்து சூரிய ஒளி தூண்போல இறங்கும்.

இதைச் செதுக்கிய சிற்பி யார்? தண்ணீர்! மழைக்காலத்தில் மணலை அள்ளிக்கொண்டு பாய்ந்த காட்டாற்று வெள்ளம், பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தப் பாறையை அறுத்து, தேய்த்து, வழவழப்பாக்கியிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் மேல் பகுதிக்கு நவஹோ மொழியில் இருக்கும் பெயருக்கே 'பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்' என்றுதான் அர்த்தம்.

அந்தச் சிற்பி இன்னும் வேலையை நிறுத்தவில்லை என்பதை உலகம் 1997 ஆகஸ்ட் 12 அன்று தெரிந்துகொண்டது. அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப் பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பயப்படும்படி மழை எதுவும் இல்லை. சில மைல் தள்ளிப் பெய்த கனமழை, வறண்ட ஓடை வழியே திரண்டு வந்து இடுக்குக்குள் பாய்ந்தது. 11 பயணிகள் இறந்துபோனார்கள்.

இப்போது கீழ்ப் பகுதியில் பாறையோடு சேர்த்து முடுக்கிய இரும்பு ஏணிகள் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. மேலே வானம் பளிச்சென்று இருக்கும்போதே 'இன்று அனுமதி இல்லை' என்று சொன்னால், வழிகாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எங்கோ பெய்யும் மழையை அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஹாலிவுட் கண்டுகொண்ட பள்ளத்தாக்கு

பேஜிலிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் மான்யுமென்ட் வேலி. வழியில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வீடே தென்படாது. திடீரென்று ஒரு வீடு, பக்கத்தில் எண்கோண வடிவில் ஒரு குடில். அதன் பெயர் ஹோகன். நவஹோ மக்களின் பாரம்பர்ய வீடு. எல்லா ஹோகன்களின் வாசலும் கிழக்கே பார்த்துத்தான் இருக்கும், விடியும் சூரியனை வரவேற்க!

வழியில் வரும் கயென்டா ஊரில் ஓர் ஆச்சர்யம். அங்குள்ள பர்கர் கிங் கடைக்குள் போர் நினைவுப் பொருள்களின் கண்காட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படைக்காக, நவஹோ இளைஞர்கள் தங்கள் தாய்மொழியிலேயே ரகசியக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1942-ல் 29 பேரோடு தொடங்கி, பிறகு சுமார் 400 பேர் ஆனார்கள். 'ஆமை' என்றால் பீரங்கி வண்டி, 'உருளைக்கிழங்கு' என்றால் கையெறிகுண்டு, 'இரும்பு மீன்' என்றால் நீர்மூழ்கிக் கப்பல். ஜப்பானியர்களால் கடைசிவரை இதை உடைக்க முடியவில்லை. 1968 வரை இந்த விஷயம் ராணுவ ரகசியமாகவே இருந்ததால், அந்த வீரர்களால் செய்த சாதனையை வெளியே சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. பள்ளிக்கூடங்களில் 'உங்கள் மொழியைப் பேசக் கூடாது' என்று தண்டிக்கப்பட்ட தலைமுறையின் மொழிதான், போரில் அந்த நாட்டுக்குக் கைகொடுத்தது.

மான்யுமென்ட் வேலியை உலகத்துக்குக் காட்டியது சினிமா. இயக்குநர் ஜான் ஃபோர்டு இங்கே எடுத்த 'ஸ்டேஜ்கோச்' படம் 1939-ல் வெளியானது. கௌபாய் படம் என்றாலே இந்தப் பாறைகள்தான் என்றாகிவிட்டது. 1958-ல் நவஹோ மக்கள் இதைத் தங்கள் சொந்தப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே 27 கிலோமீட்டர் மண்சாலையில் சுற்றிவரலாம். கையுறை மாட்டிய இரண்டு கைகள்போல எதிரெதிரே நிற்கும் 'மிட்டன்' பாறைகளைப் பார்த்தால், யாருக்கும் பேச்சு வராது. சில பாறைகளின் உயரம் 300 மீட்டர்வரை இருக்கும். இந்தப் பாறைகளுக்கு நடுவே இன்றும் நவஹோ குடும்பங்கள் வசிக்கின்றன. எனவே, நீங்கள் போட்டோ எடுப்பது யாரோ ஒருவர் வீட்டு வாசலாகவும் இருக்கலாம்!

வெட்டப்பட்ட பீச் மரங்கள்

மீண்டும் கயென்டா வந்து, தெற்கே திரும்பினால் சின்லே என்ற ஊர். அதை ஒட்டி கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கு. 1931 முதல் தேசிய நினைவிடமாக இருந்தாலும், நிலம் முழுக்க நவஹோ மக்களுடையது. செங்குத்தான சிவப்புச் சுவர்களுக்குக் கீழே ஓடை, சோளக்கொல்லை, ஆடுகள், பழ மரங்கள். மேலேயிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. கீழே இறங்கிச் சுற்ற வேண்டும் என்றால் நவஹோ வழிகாட்டி கூட வர வேண்டும். இங்கே சுமார் 240 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் 'ஸ்பைடர் ராக்' பாறையில்தான், தங்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் வாழ்வதாக நவஹோ மக்கள் நம்புகிறார்கள்.

இவ்வளவு அமைதியான இடத்தில்தான் அந்தக் கொடுமையும் நடந்தது. 1864-ல் நவஹோ மக்களைப் பணியவைக்க வந்த அமெரிக்க ராணுவம், பயிர்களை எரித்தது. ஆடு மாடுகளைக் கொன்றது. ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. பசியால் சரணடைந்த மக்களை, நியூ மெக்சிகோவின் கிழக்கில் இருந்த போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். 'நெடுநடை' என்று சொல்லி இன்றும் கலங்குகிறார்கள் நவஹோ மக்கள்.

முகாமில் அவர்களுக்குக் கிடைத்தது உப்பும் கசப்புமான ஆற்றுத் தண்ணீர். அதைக் குடித்து நோயில் விழுந்தார்கள். பயிரும் விளையவில்லை. நான்கு ஆண்டுகளில் 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இன்று வழியோரக் கடைகளில் நாம் ருசித்துச் சாப்பிடும் 'ஃப்ரை பிரெட்', பார்க்க நம் பட்டூரா மாதிரியே இருக்கும். அரசாங்கம் ரேஷனாகக் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் சமாளித்த அந்த நாள்களில் பிறந்த உணவு அது.

1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நவஹோ மக்கள் சொந்த மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். துரத்தப்பட்ட பழங்குடியினர் தங்கள் பூர்வீக நிலத்துக்கே திரும்புவது அமெரிக்க வரலாற்றில் அபூர்வம்.

ஏரி பக்கத்தில்... குழாய் எங்கே?

திரும்பி வந்தார்கள், சரி. தண்ணீர் வந்ததா?

நவஹோ நேஷனில் ஏறக்குறைய 30 சதவிகித வீடுகளுக்கு இன்றும் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் டேங்க்கை ஏற்றிக்கொண்டு, பல மைல் ஓட்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். சாலையில் உங்கள் காரை அப்படியொரு வண்டி கடந்து போனால், அது அந்த வீட்டின் சமையலுக்கும் குளியலுக்குமான தண்ணீர்.

பக்கத்துக் கிணற்றில் எடுக்கலாமே என்று தோன்றும். அங்கேயும் சிக்கல். 1944 முதல் 1986 வரை அணு ஆயுதத்துக்கும் அணு மின்சாரத்துக்கும் இந்த மண்ணிலிருந்து கிட்டத்தட்ட 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500-க்கும் மேல். பல கிணறுகளின் தண்ணீர் கெட்டுப்போனது. 2005-ல் நவஹோ அரசு தன் மண்ணில் யுரேனியம் எடுப்பதையே தடைசெய்தது.

பேஜ் அருகே ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருந்தது. நவஹோ நிலத்தில் நின்றபடி, பவல் ஏரியின் தண்ணீரைக் குடித்து, அரிசோனாவின் தெற்கு நகரங்களுக்குக் கொலராடோ ஆற்று நீரை இறைக்க மின்சாரம் கொடுத்தது. அதே காலத்தில் நவஹோ மக்களின் பல ஆயிரம் வீடுகளில் மின்விளக்குகூட இல்லை. 2019-ல் அந்த நிலையம் மூடப்பட்டது.

கொரோனா காலத்தில் இந்தப் பற்றாக்குறை உயிரையே கேட்டது. 'அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்' என்று உலகமே சொன்னபோது, கழுவத் தண்ணீர் இல்லாத வீடுகள் இங்கே இருந்தன. 2020 மே மாதத்தில், மக்கள்தொகை விகிதப்படி தொற்று எண்ணிக்கையில் நியூயார்க்கையே முந்தியது நவஹோ நேஷன். 'எல்லைகள் கடந்த மருத்துவர்கள்' அமைப்பு அமெரிக்காவுக்குள்ளேயே தன் குழுவை அனுப்ப வேண்டியிருந்தது.

கொலராடோ ஆற்றை 1922-ல் ஏழு மாநிலங்கள் பங்கு பிரித்துக்கொண்டபோது, பேச்சுவார்த்தை மேசையில் பழங்குடியினருக்கு இடமே இல்லை. 'நிலத்தைக் கொடுத்த 1868 ஒப்பந்தப்படி, அதில் வாழத் தேவையான தண்ணீருக்கும் அரசே வழிசெய்ய வேண்டும்' என்று நவஹோ மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தண்ணீர் கிடைக்க அரசு முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை என்பதே தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் கை நழுவிப்போனது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* பெட்ரோல் பங்க்குகள் தொலைவில் இருக்கும். பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீரை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

* நவஹோ நேஷனில் மது விற்கவும் குடிக்கவும் தடை. காரில் பாட்டில் வைத்திருப்பதும் குற்றம். அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது.

* ஆள்களை, வீடுகளை, சடங்குகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

* கூகுள் மேப் காட்டுகிறதே என்று மண்பாதையில் இறங்காதீர்கள். அது ஒருவர் வீட்டுக்குப் போகும் வழியாக இருக்கலாம். மழை பெய்தால் கார் சேற்றில் சிக்கிவிடும்.

* வெள்ளி நகை, நீலக்கல், கம்பளம் வாங்க ஆசையா? செய்தவர்களிடமே வாங்குங்கள். பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும்.

ஜன்னல் பாறையின் அடியில்...

சின்லேயிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் நவஹோ நேஷனின் தலைநகரம். பெயர் விண்டோ ராக். அங்கே ஒரு பெரிய சிவப்புப் பாறை. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல அதற்குள் நீல வானம். அடியில் குறியீட்டு வீரரின் சிலை நிற்கிறது.

இங்கே ஒரு காலத்தில் ஊற்று இருந்தது. நல்ல மழை வேண்டிச் செய்யும் சடங்குக்கு நவஹோ பூசாரிகள் தண்ணீர் எடுக்கக் குறித்து வைத்திருந்த நான்கு இடங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பாறையின் பக்கத்திலேயே இன்று அவர்களின் தலைமை அலுவலகங்கள் இருக்கின்றன. குழாய் பதிக்கும் திட்டங்களும், கொலராடோ ஆற்றில் தங்கள் பங்கைக் கேட்கும் பேச்சுவார்த்தைகளும் அங்கேயிருந்துதான் நடக்கின்றன.

அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்!