முதல் வருஷம் வெட்ட மனசு வருமா? ஆடு நுழையாத உயிர்வேலிக்கு அதுதான் ரகசியம்!

உங்கள் தெருவில் செடிவேலி வைத்த வீடு ஒன்றாவது இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே நாலடி உயரத்துக்குப் பச்சைப்பசேல். கீழே முழங்கால் அளவுக்கு வெறும் குச்சி. அந்தச் சந்தில் ஆடு நுழையும், நாய் நுழையும், பக்கத்து வீட்டுக் கோழி குஞ்சுகளோடு நுழையும். இரண்டு முறை கீரைப் பாத்தி காலியானதும் ‘செடிவேலியெல்லாம் சரிப்பட்டு வராது’ என்று கம்பிவலை வாங்கப் போய்விடுவார்கள்.

செடியின் மேல் தப்பில்லை. நட்ட முதல் வருஷத்தில் அதை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆசையாக வைத்த செடி, இப்போதுதான் இடுப்புயரம் வந்திருக்கிறது, அதில் போய்க் கத்தரியை வைப்பதா என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வேலியின் அடி அடர்வதும் ஓட்டையாவதும் அந்த வருஷத்தில்தான் முடிவாகிறது.

காரணம் எளிது. செடியின் நுனிக்குருத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உற்பத்தியாகிறது. அது தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்கவாட்டு மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனி இருக்கிற வரை செடி மேலேயேதான் ஓடும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை நீங்கி, கீழே இருக்கும் இரண்டு மூன்று மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை மூன்றாகும், மூன்று ஒன்பதாகும். மாடியில் துளசி வளர்ப்பவர்கள் கதிர் கிள்ளிவிடுவதும் இதே கணக்குதான்.

கொங்குச் சீமையின் கிளுவை வேலி

இந்த வித்தையை ஊர் ஊராகச் செய்து வைத்திருப்பவர்கள் கொங்கு விவசாயிகள். திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் ‘கொறங்காடு’ என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காலையில் காங்கேயம் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். அந்த மேய்ச்சல் முறையே வேலியை நம்பித்தான் நிற்கிறது.

கிளுவை, குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. முள் உண்டு. கோடையில் இலையெல்லாம் கொட்டிக் காய்ந்த குச்சி மாதிரி நிற்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். விதைகூட வேண்டாம், போத்துக் குச்சியை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். வெட்டிய தழை ஆட்டுக்கு, வெட்டிய முள் வேலியின் ஓட்டைக்கு. எதுவும் வீணாகாது.

இப்போது அந்தப் பக்கம் போனால் பல காடுகளில் கல்தூணும் முள்கம்பியும்தான் கண்ணில் படுகின்றன. வேலி வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. வெட்டாமல் விட்ட கிளுவை மேலே மரமாகி, கீழே வாய் பிளந்துவிடும்.

வெள்ளைக்காரர்களுக்கும் இதே பாடு. உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவில் ஆயிரம் மைலுக்கும் மேல் முள்வேலி வளர்த்தார்கள். இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கு ஏற்ற செடி, செடி வராத இடத்தில் காய்ந்த முள். அதை முனைப்பாக வளர்த்த அதிகாரி, பின்னாளில் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்த ஏ.ஓ.ஹ்யூம்! 1879-ல் அந்தச் சுங்க எல்லையைக் கைவிட்டார்கள், பராமரிப்பும் நின்றது. 1990-களில் ராய் மாக்சம் என்ற எழுத்தாளர் தேடி அலைந்தபோது சிறு துண்டுதான் மிஞ்சியிருந்தது.

வீட்டுக்கு எந்தச் செடி?

வீட்டுத் தோட்டத்துக்கு என்னைக் கேட்டால் முதல் ஓட்டு மருதாணிக்கு. வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், முற்றிய கிளையில் முள் வரும், பூ வாசனை தெருமுனை வரை போகும். வெட்டிய தழையை அரைத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். வேறு எந்த வேலி இதைத் தரும்? ஆட்டுத் தொல்லை அதிகமென்றால் நொச்சி, ஆடாதொடை. ஆடு தொடாது என்பது பின்னதன் பெயரிலேயே இருக்கிறது. பூ வேண்டுமென்றால் செம்பருத்தி, இட்லிப்பூ. ஆனால் அடிக்கடி வெட்டினால் பூ குறையும், இரண்டுக்கும் ஆசைப்பட முடியாது. கொடுக்காப்புளி நல்ல முள்வேலி, ஒரு வருஷம் மறந்தால் மரம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம், செடி முழுக்க நஞ்சு. நர்சரிகளில் மஞ்சள் இலையோடு அழகாக நிற்கும் டுராண்டாவின் பழமும் சாப்பிடக் கூடாதது. திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

நடும்போது உங்கள் எல்லைக்கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். வேலி இரண்டு பக்கமும் பருக்கும். கோட்டின் மேலேயே நட்டால், வெளிப்பக்கம் வெட்ட ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். ஒன்றரை அடி அகல, ஆழத்தில் நீளமாக வாய்க்கால் எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். இரண்டு வரிசை, செடிக்குச் செடி ஓரடி, முன் வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின் வரிசைச் செடி. முப்பதடி நீளத்துக்கு அறுபது செடி ஆகும். மருதாணியும் நொச்சியும் குச்சியிலேயே வரும் என்பதால் செலவுக்குப் பயப்பட வேண்டாம்.

செடி முழங்கால் உயரம் வந்து வேர்பிடித்ததும் முதல் கவாத்து. பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். ஆமாம், பாதி. அதற்குப் பிறகு புதுத்துளிர் ஒரு சாண் வளரும்போதெல்லாம் அதில் பாதியை வெட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால் நாலடி உயரம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், வெட்டாமல் விட்டால் ஒரே வருஷத்தில் வந்துவிடும். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும்.

அடுத்தது வடிவம். நம் ஊரில் பெரும்பாலும் வேலியைப் பெட்டி மாதிரி நேராக வெட்டுகிறோம், சில இடங்களில் மேல்பக்கம் அகலமாகக் குடை மாதிரியே ஆகிவிடுகிறது. மேல் இலையின் நிழல் விழும் கீழ்க்கிளை மெல்லக் காய்ந்துபோகும். அதனால் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும், கோயில் கோபுரம் போலச் சரிவாக வெட்ட வேண்டும். அடியில் இரண்டரை அடி என்றால் மேலே ஒன்றரை அடி போதும். இரு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டால் மட்டம் தப்பாது. கத்தரி கூராக இருக்கட்டும், மொண்ணைக் கத்தரி கிளையை நசுக்கும். கொளுத்தும் சித்திரை வெயிலில் பெரிய வெட்டு வேண்டாம், உள்ளே நிழலில் இருந்த இலை கருகிவிடும்.

வெட்டுவதற்கு முன் கிளையை விலக்கி ஒரு பார்வை பாருங்கள். தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் இப்படிப்பட்ட புதரில்தான் கூடு கட்டும். முட்டை இருந்தால் சில வாரம் அந்தப் பகுதியைத் தொட வேண்டாம்.

‘அடர்ந்த வேலி என்றால் பாம்பு வருமே?’ வீட்டில் பெரியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. எலிக்காகத்தான் பாம்பு வருகிறது, சோற்றுக் குப்பைக்காகத்தான் எலி வருகிறது. வேலியோரம் குப்பையும் செங்கலும் கொட்டி வைக்காதீர்கள், உதிர்ந்த சருகைக் கூட்டி எருக்குழிக்கு அனுப்புங்கள். இரவில் அந்தப் பக்கம் டார்ச் இல்லாமல் போக வேண்டாம்.

செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி வந்தால், வெள்ளையாகப் பஞ்சு படிந்த நுனிகளை முதலில் வெட்டி அகற்றுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஏற்கெனவே அடி காலியான வேலி வைத்திருப்பவர்கள் பிடுங்க வேண்டியதில்லை. மருதாணி, செம்பருத்தி, நொச்சி என்றால் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் தரையிலிருந்து ஓரடி விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். வீடு தெருவுக்குத் திறந்துவிடுமே என்று யோசிப்பவர்கள் இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சவுக்கு வேலியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், இலையில்லாத கட்டை வரை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது கஷ்டம். இடையில் ஒரு செடி செத்து ஓட்டை விழுந்திருந்தால், பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். வேர்பிடித்த பின் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். புரட்டாசிக் கடைசியில் போட்டால், ஐப்பசி மழை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.