கடைத்தெருவின் கூட்டு மனு

ஒரு பகுதி மக்கள் ஒரே கோரிக்கையை எழுதி, பலரும் கையெழுத்திட்டு, முடிவெடுக்கும் அதிகாரியிடம் கொடுப்பது கூட்டு மனு. கேரளத்தின் தமிழக எல்லையோர ஊர்களில் சிறு வியாபாரிகளின் பிழைப்பு பல நேரம் இந்தத் தாளை நம்பியே இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், பூப்பாறை, கம்பமெட்டு, குமுளி. இந்த ஊர்களின் கடைத்தெருக்களுக்குச் சரக்கும் வாடிக்கையாளரும் இரு மாநிலங்களிலிருந்தும் வருகின்றனர். டீக்கடை, மளிகை, தையல், காய்கறி என எதுவானாலும், லைசன்ஸ் தருவது பஞ்சாயத்து. நிலத்தின் தன்மையைத் தீர்மானிப்பது வருவாய்த் துறை. கடை வாசலில் ஓடும் சாலையோ பொதுப்பணித் துறையிடமோ தேசிய நெடுஞ்சாலை அமைப்பிடமோ இருக்கிறது. நூறு கையெழுத்து திரட்டியும் பயனில்லாமல் போகும் மனுக்களில் பல, எழுதியதில் பிழையில்லாமல், போய்ச் சேர்ந்த அலுவலகம் தவறானதால் தோற்றவை.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் இங்கே சின்ன விஷயமல்ல. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் சேர்ந்தன. உடும்பஞ்சோலை, சித்தூர் தாலுகாக்களிலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 இவர்களுக்கு வெளிப்படையான உரிமை தருகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். தமிழர் மிகுதி என்று அரசு அறிவித்த பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். ஆனாலும் யாராவது மலையாளத்தில் எழுதிக் கொடுக்க, படிக்கத் தெரியாமலேயே அதில் கையெழுத்திடும் வழக்கம் போகவில்லை. தாம் என்ன கேட்டிருக்கிறோம் என்று தெரியாதவர் விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் எதைச் சொல்வார்? தமிழில் எழுதி, மலையாளப் படி ஒன்றை இணைப்பதே பாதுகாப்பான வழி.

மனுவைக் கொடுக்க மிக அருகில் இருக்கும் இடம் கிராம சபை. 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி இது வார்டு அளவில் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டியாக வேண்டும். வார்டு உறுப்பினரே அமைப்பாளர். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதே பத்தில் ஒரு பங்கினர், பேச வேண்டிய பொருளைக் குறித்து எழுத்தில் கேட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்ட வேண்டும். சந்தைக்குக் கழிப்பறை, கடைத்தெருவுக்கு விளக்கு, மழைநீர் ஓடை போன்றவற்றுக்குக் கலெக்டர் அலுவலகம் வரை ஓட வேண்டியதில்லை. லைசன்ஸ் மறுக்கப்பட்டால் பஞ்சாயத்துக் குழுவிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே திருவனந்தபுரத்தில் உள்ளாட்சித் தீர்ப்பாயம் என்று வழி இருக்கிறது. இவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கையெழுத்து திரட்டிக்கொண்டே அதைத் தவறவிட்டவர்களுக்கு மனு கைகொடுக்காது.

பஞ்சாயத்தின் கைக்கு எட்டாத கோரிக்கைக்குப் பெரிய எடுத்துக்காட்டு இடுக்கியின் நிலப் பிரச்சினை. 1964ஆம் ஆண்டின் கேரள நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கொடுக்கப்பட்ட பட்டயம் (நில உரிமை ஆவணம்), விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். மலைச்சாலைகள் சந்திக்கும் இடமெல்லாம் அந்த நிலங்களில் கடைகள் முளைத்து, பிறகு ஊர்களாகவே வளர்ந்தன. பட்டய நிலத்தில் ஒருவர் போட்ட டீக்கடை, சட்டத்தின் கண்ணில் நிபந்தனை மீறல். பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டில் கேரள அரசு, நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே கட்டட அனுமதி என்று உத்தரவிட்டபோது நிலைமை மாறியது. கட்டட அனுமதி இல்லையென்றால் கட்டட எண் இல்லை; எண் இல்லாத அறைக்கு லைசன்ஸும் இல்லை, கடை பேரில் வங்கிக் கடனும் இல்லை. தகப்பன் காலத்துக் கடையை இடித்துக் கட்ட நினைத்தவரும் இதில் சிக்கினார்.

வியாபாரி சங்கங்கள், விவசாயிகள், தேவாலய அமைப்புகள், பல கட்சிகள் என ஊரே மனுவோடு நின்றது, ஹர்த்தால்களும் நடந்தன. 2023 செப்டம்பர் 14 அன்று இத்தகைய மீறல்களை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்த மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பிறகு அது ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தது. 2024 ஜனவரி 9 அன்று, அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் தொடுபுழாவில் கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியின் விழாவுக்கு வந்த நாளிலேயே இடது ஜனநாயக முன்னணி மாவட்ட ஹர்த்தால் அறிவித்தது. வியாபாரிகளுக்காக எழுந்த கோரிக்கையின் பேரில் வியாபாரிகள் கடையடைக்க வேண்டியிருந்தது. அவர்களது சங்கத்தின் விழாவும் அன்றுதான். 2024 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். அதற்கான விதிகளுக்கு 2025 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இந்த வெற்றியில் ஒரு கவலையும் கலந்திருக்கிறது. பெட்டிக்கடைக்காரரின் கஷ்டத்தை முன்னிறுத்திப் பெற்ற சலுகை, மலைச்சரிவில் விதி மீறிக் கட்டிய பெரிய ரிசார்ட்டுகளையும் காப்பாற்றிவிடும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர். 2018 வெள்ளத்திலும் 2020 பெட்டிமுடி நிலச்சரிவிலும் அடிபட்ட மாவட்டத்தில் அந்த எதிர்ப்பை ஒதுக்க முடியாது. சிறு கடைக்கான மனு, எத்தனை சதுர அடி வரை, எந்தச் சரிவில், யார் நடத்தும் கடை என்று எல்லையைத் தானே சொல்லியிருந்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருந்திருக்கும். சிறியவர் பெயரில் பெரியவர் பயனடைவதைத் தடுக்க அந்த ஒரு பத்தி போதும்.

சாலையோர வியாபாரிகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. 2014ஆம் ஆண்டின் மத்திய அரசின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும் வரை சாலையோர வியாபாரியை அகற்றக் கூடாது. இடம் மாற்றினாலும் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் நகர அமைப்புகளுக்கானது. சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி; அங்கே இதைக் காட்டலாம். மூணாறும் குமுளியும் எவ்வளவு நெரிசலான சுற்றுலா ஊர்களானாலும் ஆவணத்தில் கிராமப் பஞ்சாயத்துகள்தான். சோளம் சுட்டு விற்கும் பெண் அந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினால், அது தங்களுக்குப் பொருந்தாது என்ற பதில் பஞ்சாயத்திடமிருந்து வர வாய்ப்புண்டு. அதனால் அங்கே மாற்று இடம், அடையாள அட்டை ஆகியவற்றைப் பஞ்சாயத்துத் தீர்மானமாகவே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

மனுவோடு நின்றுவிடாத ஆதரவுக்கு மறையூர் வெல்லம் நல்ல சான்று. கரும்புத் தோட்டத்தை ஒட்டிய கொட்டகையில் சாறு பிழிந்து, அகன்ற கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சற்று ஆற விட்டு, சூடு முழுதும் தணியும் முன்பே கையால் உருட்டி எடுக்கிறார்கள். கரும்பழுப்பு உருண்டை, உப்புக்கரிப்பு குறைவு. வெளியிலிருந்து வரும் மலிவு வெல்லம் இதன் பெயரில் விலைபோனதால் நஷ்டப்பட்ட விவசாயிகள், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2019இல் புவிசார் குறியீடு பெற்றனர். குறியீடு பதிவானதும் வேலை முடிந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, போலிக்கு எதிராக வழக்குத் தொடுக்க விரும்பும் உற்பத்தியாளர், அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தன் பெயரைத் தனியே பதிய வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பச் சிறு விவசாயிக்கு உதவுவது சங்கங்களும் பஞ்சாயத்தும் இப்போதே எடுத்துச் செய்யக்கூடிய வேலை.